ஆயுள் கைதிகளுக்கு நிபந்தனையுடன் முன்விடுதலை: யார் முடிவு செய்வது, எப்போது, எப்படி?

மும்பை: ஆயுள் தண்டனை பெற்றுப் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்த ஒருவர் திருந்திவிட்டார் என்று அரசு கருதினால், அவரை நிபந்தனைகளுடன் முன்கூட்டியே விடுவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. விடுதலை பெறுவது கைதியின் உரிமை அல்ல. ஆனால் தகுதியுள்ள ஒவ்வொரு கைதியையும் பரிசீலிப்பது அரசின் கடமை. அதற்காக அவர் மனு அளிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மகாராஷ்டிராவில் தண்டனை பெற்று எரவாடா, நாசிக், நாக்பூர் மத்திய சிறைகளில் இருப்போரின் குடும்பங்களுக்கும், அவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் இந்த நடைமுறை நேரடியாகத் தொடர்புடையது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்களிடையே இது குறித்து நிலவும் சில தவறான கருத்துகளுக்கும் சட்டம் தெளிவான விடை அளிக்கிறது.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகளா?

இல்லை. ஆயுள் தண்டனை என்பது கைதியின் வாழ்நாள் முழுவதையும் குறிக்கும். மகாத்மா காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் 1961-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. சிறையில் நன்னடத்தைக்காகக் கிடைக்கும் கழிவு நாள்களைக் கூட்டிக்கொண்டு, 20 ஆண்டுகள் முடிந்துவிட்டதால் தாமாகவே விடுதலை கிடைக்க வேண்டும் என்று கோர முடியாது என அத்தீர்ப்பு கூறியது.

ஆயுள் தண்டனையை 20 ஆண்டுகளாகக் கணக்கிடும் விதி ஒன்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் தண்டனையின் ஒரு பகுதியைக் கணக்கிட வேண்டிய இடங்களில் மட்டுமே அந்த விதி பயன்படும்.

14 ஆண்டுகள் என்ற எண் வேறொரு விதியிலிருந்து வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1978 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர், அல்லது மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டவர், குறைந்தது 14 ஆண்டுகளாவது சிறையில் இருந்தாக வேண்டும் என்பதே அந்தப் பிரிவு. அதாவது, 14 ஆண்டுகள் என்பது விடுதலைக்கான நாள் அல்ல. அதற்கு முன் விடுவிக்கக் கூடாது என்ற தடை மட்டுமே. 1980-இல் மாரு ராம் வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதே விதி 475-ஆவது பிரிவாக இடம்பெற்றுள்ளது.

இந்த 14 ஆண்டுகள் உண்மையாகவே சிறையில் கழித்தவையாக இருக்க வேண்டும். கழிவு நாள்கள் இதில் சேராது. பரோலில் வெளியே இருந்த நாள்களும் சேராது என்று கோவா கைதிகள் தொடர்பான வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாட்டை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இரண்டு வழிகள்

முன்விடுதலைக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அரசமைப்புச் சட்டம் அளிக்கும் கருணை அதிகாரம். 72-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரும், 161-ஆவது பிரிவின்படி ஆளுநரும் தண்டனையை மன்னிக்கலாம், நிறுத்தி வைக்கலாம், குறைக்கலாம், மாற்றலாம். இருவரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும். 14 ஆண்டுத் தடை இந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473, 474 பிரிவுகள் அரசுக்கு நேரடியாக அளிக்கும் அதிகாரம். பெரும்பாலான முன்விடுதலைகள் இந்த வழியில்தான் நிகழ்கின்றன. இதற்கு 14 ஆண்டுத் தடை பொருந்தும்.

மன்னிப்புக்கும் தண்டனைக் குறைப்புக்கும் இடையே முக்கிய வேறுபாடு உண்டு. மன்னிப்பு, தண்டனையை முழுமையாக நீக்கும். தண்டனைக் குறைப்பில் குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கும்; சிறையில் கழிக்க வேண்டிய காலம் மட்டுமே குறையும். நிபந்தனை மீறப்பட்டால், மீதமுள்ள தண்டனை மீண்டும் உயிர் பெறும்.

சில வழக்குகளில் நீதிமன்றமே '20 ஆண்டுகள் வரை' அல்லது '30 ஆண்டுகள் வரை தண்டனைக் குறைப்பு கூடாது' என்று தீர்ப்பில் குறிப்பிடுவதுண்டு. அத்தகைய தீர்ப்புகள் செல்லும் என்று 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் அரசமைப்பு அமர்வு கூறியது. அவ்வாறு தண்டனை பெற்றவர்களுக்கு அந்தக் காலம் முடியும்வரை 72, 161 பிரிவுகள் மட்டுமே வழி.

எந்த மாநில அரசு முடிவெடுக்கும்?

மும்பைத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி இது. குற்றம் நடந்த மாநிலமோ, கைதி இப்போது அடைக்கப்பட்டுள்ள மாநிலமோ, அவரது சொந்த மாநிலமோ இதை முடிவு செய்வதில்லை. தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் உள்ளதோ, அந்த மாநில அரசுக்கே அதிகாரம் உண்டு. எனவே மும்பை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர், குடும்பத்தின் கோரிக்கையை ஏற்றுத் திருநெல்வேலி பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மாற்றப்பட்டிருந்தாலும், அவரது முன்விடுதலையை மகாராஷ்டிர அரசுதான் முடிவு செய்யும். தமிழ்நாடு அரசின் பொது முன்விடுதலை அறிவிப்புகள் அவருக்குப் பொருந்தாது.

இந்த விதியை நாடு முழுவதும் அறியச் செய்தது பில்கிஸ் பானு வழக்கு. 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை, கொலைகள் தொடர்பான இந்த வழக்கின் விசாரணையை, நியாயமான விசாரணை கருதி 2004-இல் உச்ச நீதிமன்றம் மும்பைக்கு மாற்றியது. மும்பை சிறப்பு நீதிமன்றம் 2008 ஜனவரி 21 அன்று 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் அதை உறுதி செய்தது.

ஆனால் 2022 ஆகஸ்ட் 15 அன்று அந்த 11 பேரையும் குஜராத் அரசு விடுவித்தது. விடுதலை கூடாது என்று மும்பை சிறப்பு நீதிமன்ற நீதிபதியும், வழக்கை விசாரித்த சிபிஐயும் அளித்த கருத்துகள் ஏற்கப்படவில்லை. 2024 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. தண்டனை விதிக்கப்பட்டது மகாராஷ்டிராவில் என்பதால், குஜராத் அரசுக்கு இதில் அதிகாரமே இல்லை என்று அமர்வு கூறியது. இரண்டு வாரங்களில் சரணடைய உத்தரவிடப்பட்ட 11 பேரும் ஜனவரி 21 அன்று மீண்டும் சிறைக்குச் சென்றனர்.

சிபிஐ போன்ற மத்திய அமைப்பு விசாரித்த வழக்குகளில் மாநில அரசு தனித்து முடிவெடுக்க முடியாது. மத்திய அரசின் இசைவு தேவை. புதிய சட்டத்தின் 477-ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே கூறுகிறது.

மகாராஷ்டிர அரசின் அளவுகோல்

எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரை விடுவிக்கலாம் என்பதற்கு மகாராஷ்டிர உள்துறை காலந்தோறும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு வருகிறது. 1992, 2008, 2010 ஆகிய ஆண்டுகளின் நெறிகள் அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவை. குற்றத்தின் நோக்கம், முன்திட்டம், கொடூரத்தின் அளவு, பாதிக்கப்பட்டவர் பெண்ணா, குழந்தையா என்பன போன்றவற்றின் அடிப்படையில் கைதிகள் வகைப்படுத்தப்படுகின்றனர். திடீர் ஆத்திரத்தில் நிகழ்ந்த கொலைக்கும், பணத்துக்காகத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட கொலைக்கும் காத்திருக்க வேண்டிய காலம் வேறு. பெண்களுக்கு எதிரான மிகக் கொடிய குற்றங்களில் இந்தக் காலம் 28 ஆண்டுகள் வரை நீளலாம்.

எந்த ஆண்டின் நெறி பொருந்தும் என்பதே பல வழக்குகளின் மையக் கேள்வி. தண்டனை விதிக்கப்பட்ட நாளில் நடைமுறையில் இருந்த கொள்கையே பொருந்தும் என்றும், பின்னர் வந்த கொள்கை கைதிக்குக் கூடுதல் சாதகமாக இருந்தால் அதன் பயனை அளிக்கலாம் என்றும் 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிவசேனா மாமன்ற உறுப்பினர் கமலாக்கர் ஜாம்சண்டேகர் கொலை வழக்கில் 2012-இல் ஆயுள் தண்டனை பெற்ற அருண் கவ்லி, முதியோருக்கான 2006-ஆம் ஆண்டுக் கொள்கையின் கீழ் விடுதலை கோரியது இந்த அடிப்படையில்தான். மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2024 ஏப்ரலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் அவருக்குப் பிணை வழங்கியது.

திருந்தியவர் என்பதை எப்படி அறிவது?

2000-ஆம் ஆண்டில் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகளை முன்வைத்தது. குற்றம் சமூகம் முழுவதையும் பாதிக்கும் தன்மையுடையதா? அது மீண்டும் நிகழ வாய்ப்புண்டா? கைதிக்குக் குற்றம் புரியும் ஆற்றல் இன்னும் உள்ளதா? அவரைத் தொடர்ந்து சிறையில் வைப்பதால் பயனுண்டா? அவரது குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன? இன்றும் இவையே அடிப்படை.

இக்கேள்விகளுக்கு விடை காணக் காவல் துறை, தண்டனை விதித்த நீதிமன்றம், சிறை நிர்வாகம் ஆகியவற்றின் கருத்துகள் பெறப்படுகின்றன. இவற்றுள் காவல் துறையின் கருத்து பெரும்பாலும் பழைய குற்றத்தையே மீண்டும் விவரிக்கிறது. பிகார் கைதி ஒருவரின் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த குற்றத்தை மட்டும் பார்க்காமல், சிறையில் கைதி நடந்துகொண்ட விதம், வயது, உடல்நிலை, குடும்பம், கல்வி ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று கூறியது.

மகாராஷ்டிராவில் குழந்தை ஒன்றைக் கடத்திக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவரின் மேல்முறையீடு 2019 பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தது. குற்றம் புரிந்தபோது அவருக்கு வயது 22. சிறையில் 18 ஆண்டுகளைக் கழித்த அவர், அங்கிருந்தபடியே பட்டப் படிப்பு படித்தார், கவிதைகள் எழுதினார். அக்கவிதைகள் அவர் தம் தவற்றை உணர்ந்திருப்பதைக் காட்டுகின்றன என்று குறிப்பிட்ட உச்ச நீதிமன்றம், தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இது நீதிமன்றம் அளித்த தண்டனை மாற்றமே தவிர, விடுதலை அல்ல. எனினும், திருந்துதலுக்கு எத்தகைய சான்றுகள் ஏற்கப்படும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாக உள்ளது.

பேரறிவாளன் வழக்கிலும் இத்தகைய சான்றுகள் பேசின. 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை அளித்த பரிந்துரையின் மீது ஆளுநர் ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்காததைக் கண்டித்து, 2022 மே 18 அன்று 142-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசம், நன்னடத்தை, சிறையில் பெற்ற கல்வி, உடல்நலக் குறைவு ஆகியவற்றை அமர்வு கவனத்தில் கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மீதமுள்ள ஆறு பேரும் விடுவிக்கப்பட்டனர்.

கைதி திருந்துவார் என்ற நம்பிக்கையை நடைமுறையாக்கிய முன்னோடி முயற்சி மகாராஷ்டிராவிலேயே உண்டு. 1930-களின் இறுதியில் அவுந்த் சமஸ்தானத்தில், இன்றைய சாங்லி மாவட்டத்தின் ஆட்பாடிக்கு அருகே, சுதந்திரபூர் என்ற திறந்தவெளிச் சிறைக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அந்த முயற்சியின் தாக்கத்தில் இயக்குநர் வி.சாந்தாராம் 1957-இல் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' திரைப்படத்தை எடுத்தார். அதன் தமிழ் வடிவமே 1975-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'பல்லாண்டு வாழ்க'.

எத்தகைய நிபந்தனைகள் விதிக்கலாம்?

விடுதலை உத்தரவுடன் வழக்கமாக இணைக்கப்படும் நிபந்தனைகள் மூன்று வகை. நன்னடத்தைக்குப் பிணையாளர்கள் உறுதியளிப்பது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்கு மாதம் ஒருமுறை காவல் நிலையத்தில் நேர்நிற்பது மற்றொன்று. புகார்தாரரையும் சாட்சிகளையும் தொந்தரவு செய்யாமல், புதிய குற்றத்தில் ஈடுபடாமல் இருப்பது மூன்றாவது.

இவற்றின் எல்லையை 2024 அக்டோபர் 21 அன்று மாஃபாபாய் மோதிபாய் சாகர் வழக்கில் நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு வகுத்தது. குஜராத்தைச் சேர்ந்த அந்த ஆயுள் கைதி, விடுதலைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் 'கண்ணியமாக' நடந்துகொள்ள வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. கண்ணியம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. ஆளுக்கு ஆள் பொருள் மாறும் ஒரு சொல்லைக் கொண்டு ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க அரசுக்கு வாய்ப்பளிக்க முடியாது என்று கூறி, அந்த நிபந்தனையை அமர்வு நீக்கியது.

2025 பிப்ரவரித் தீர்ப்பு இதை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கியது. நிபந்தனைகள் கைதி மீண்டும் குற்றப் பாதைக்குத் திரும்பாமல் காப்பதையும், அவரது மறுவாழ்வையும் நோக்கமாகக் கொள்ள வேண்டும். விடுதலையையே பயனற்றதாக்கும் அளவுக்குக் கடுமையாக இருக்கக் கூடாது. தெளிவின்றியோ, நிறைவேற்ற இயலாதவையாகவோ இருக்கக் கூடாது.

'நிறைவேற்ற இயலாதவை' என்ற சொல் மும்பையில் தனிப் பொருள் பெறுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளியே வரும் ஒருவருக்குப் பிணை நிற்க இருவரைத் தேடுவதே கடினம். மறுசீரமைப்புப் பணிகளால் வீடு மாற வேண்டிய நிலையில் உள்ள தாராவிக் குடும்பத்துக்கு நிலையான முகவரி காட்டுவது மேலும் கடினம். சொந்த ஊருக்குச் சென்று பிழைக்க விரும்புபவருக்கு, மாதந்தோறும் மும்பைக் காவல் நிலையத்தில் நேர்நிற்பது இயலாத செயல். இத்தகைய சூழலில், வசிக்கும் ஊரின் காவல் நிலையத்தில் நேர்நிற்க அனுமதி கோருவதற்கு இத்தீர்ப்பு வலுவான அடிப்படை அளிக்கிறது.

நிபந்தனை மீறப்பட்டால்?

விடுதலை உத்தரவை அரசு ரத்து செய்யலாம். அவ்வாறு ரத்து செய்யப்பட்டால், பிடியாணை இல்லாமலே காவல் துறை அவரைக் கைது செய்து, மீதமுள்ள தண்டனைக்காகச் சிறைக்கு அனுப்பலாம். ஆனால் இந்த ரத்து தாமாக நிகழாது. குற்றச்சாட்டைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பதிலளிக்க வாய்ப்பு தர வேண்டும். காரணங்களுடன் உத்தரவிட வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவானது என்ற ஒரே காரணத்துக்காக விடுதலையை ரத்து செய்ய முடியாது என்றும் மாஃபாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அண்டை வீட்டாருடனான சிறு தகராறும் பொய்ப் புகாரும் ஒருவரை மீண்டும் ஆயுள் கைதியாக்கிவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

மும்பையின் முந்தைய வழக்குகள்

மும்பையில் கருணை அதிகாரம் குறித்த மிகப் பெரிய சர்ச்சை கடற்படை அதிகாரி கே.எம்.நானாவதி வழக்கில் எழுந்தது. 1959 ஏப்ரலில் பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்ற வழக்கில், ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். உயர் நீதிமன்றம் 1960 மார்ச் 11 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. அன்றே ஆளுநர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்தி வைத்து, அவரைக் கடற்படைக் காவலில் வைக்க உத்தரவிட்டார். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளபோது ஆளுநர் அவ்வாறு செய்ய முடியாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. தண்டனை 1961 நவம்பரில் உறுதியானது. 1964-இல் ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அதே 1964-இல் கோபால் கோட்சேயும் விடுவிக்கப்பட்டார். அவருக்குப் புணேயில் பாராட்டு விழா நடத்தப்பட்டது நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. விரைவில் அவர் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார்.

நடிகர் சஞ்சய் தத் 2016 பிப்ரவரி 25 அன்று எரவாடா சிறையிலிருந்து வெளிவந்தது இவற்றிலிருந்து வேறுபட்டது. ஆயுதச் சட்டத்தின் கீழ் அவர் பெற்றது ஐந்து ஆண்டுத் தண்டனை. அவருக்காக அனுப்பப்பட்ட மன்னிப்பு மனுவை 2015-இல் ஆளுநர் நிராகரித்தார். சிறை விதிகளின்படி நன்னடத்தைக்காகக் கிடைத்த கழிவு நாள்களே அவரது விடுதலையை முன்தள்ளின.

பாதிக்கப்பட்டோரின் குரல்

முன்விடுதலை உத்தரவை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடலாம். பில்கிஸ் பானுவின் மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டு, அதன் மீதே தீர்ப்பு வந்தது இதற்குச் சான்று. கருணை அதிகாரமும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதே. தொடர்பில்லாத காரணங்களுக்காகவோ, முக்கிய உண்மைகளை மறைத்தோ, சாதி, மதம், அரசியல் அடிப்படையிலோ வழங்கப்பட்ட கருணை செல்லாது என்று 2006-இல் ஏபூரு சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இலங்கையிலும் இதே போக்கு காணப்படுகிறது. கொழும்பு ராயல் பார்க் கொலை வழக்கின் குற்றவாளிக்கு 2019-இல் அப்போதைய அதிபர் மைத்திரிபால சிறிசேன வழங்கிய மன்னிப்பை, 2024 ஜூன் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

தண்டனை விதித்த தீர்ப்பின் நகல், தண்டனை நாளில் இருந்த அரசின் வழிகாட்டு நெறி, இதுவரை உண்மையாகச் சிறையில் கழித்த காலம், பரோல் நாள்கள் ஆகிய விவரங்களைச் சிறை அலுவலகத்தில் பெற்று வைத்திருப்பது முதல் படி. கைதி தாமே மனு அளிப்பதானால், சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அளிக்க வேண்டும். உறவினர் அளிப்பதானால், அவர் சிறையில் உள்ளார் என்ற உறுதிமொழி மனுவில் இடம்பெற வேண்டும்.

சிறையில் முடித்த படிப்பு, கற்ற தொழில், பரோலில் சென்று உரிய நாளில் திரும்பியதற்கான பதிவு ஆகியவை மனுவுக்கு வலு சேர்க்கும். மருத்துவச் சான்றுகளும், வெளியே வேலையும் தங்குமிடமும் தர முன்வருவோரின் கடிதங்களும் அவ்வாறே.

அனுமதியோ மறுப்போ, உத்தரவில் சுருக்கமான காரணங்கள் இருக்க வேண்டும். அதன் நகல் கைதிக்கு உடனே அளிக்கப்பட வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதோர் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'பிரயாஸ்' களப்பணித் திட்டம், 1990 முதல் மும்பைப் பகுதிச் சிறைகளில் கைதிகளின் சட்ட உதவிக்காகவும் மறுவாழ்வுக்காகவும் செயல்பட்டு வருகிறது.